புசானில் துவேஜி-குக்பாப்: முதல் முறை சாப்பிடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொரியப் பயணம் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது தட்டில் சுடும் கறியும் பொரித்த கோழியும்தான். சியோலிலிருந்து கேடிஎக்ஸ் ரயிலில் ஏறினால் சுமார் இரண்டரை மணி நேரத்தில் புசான். அங்கே தெருவுக்குத் தெரு இருப்பது துவேஜி-குக்பாப் கடை. பன்றி எலும்புச் சாறில் கறியும் சோறும் போட்டுத் தரும் சாப்பாடு அது. முதல் தடவை சாப்பிடுகிறவர்களில் பாதிப்பேர் "உப்புச் சப்பில்லை" என்று கிண்ணத்தைத் தள்ளி வைப்பார்கள். மீதிப்பேர் மேஜையில் இருப்பதையெல்லாம் ஒரே நேரத்தில் கொட்டிக் கலக்கிவிட்டு, உப்பு கரிக்கிறது என்பார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். இந்தச் சாப்பாடு சமையலறையில் முக்கால்வாசிதான் முடிகிறது, மீதியைச் சாப்பிடுகிறவர்தான் மேஜையில் முடிக்க வேண்டும். கீழே வரும் பதில்களில் பெரும்பகுதி அந்த மீதி வேலையைப் பற்றியது.

கிண்ணத்தில் என்னதான் இருக்கும்?

பன்றி எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்து எடுத்த சாறு, வேகவைத்து மெல்லிசாக அரிந்த பன்றிக்கறி, சோறு. மேலே கொஞ்சம் வெங்காயத்தாள். பல கடைகளில் நடுவில் ஒரு கரண்டி சிவப்பு மிளகாய் விழுதும் இருக்கும், அதன் பெயர் தாதேகி. இவ்வளவும் துக்பேகி என்ற கனமான மண்சட்டியில் வரும்.

கூடவே சின்னச் சின்னத் தட்டுகள் வரும். காரத்தூளும் மீன் சாறும் சேர்த்துப் பிசைந்த புச்சுத் தழை (வெங்காயத்தாளைவிட மெல்லியது, பூண்டு மணம் உள்ளது, புசான் பக்கத்தில் ஜொங்குஜி என்பார்கள்), முள்ளங்கித் துண்டுகளில் போட்ட கக்துகி, முட்டைக்கோஸ் கிம்ச்சி, பச்சை வெங்காயம், பச்சை மிளகாய், பூண்டு, தொட்டுக்கொள்ள ஸம்ஜாங் (புளித்த சோயா விழுது), ஒரு பிடி வேகவைத்த கோதுமை நூடுல்ஸ் (சொம்யொன்). கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமான ஒரு சின்னக் கிண்ணம்: சேவுஜொத். உப்பில் ஊறிப் புளித்த பொடி இறால்.

மெனுவில் ஏழெட்டுப் பெயர் இருக்கிறது. எதைச் சொல்வது?

துவேஜி-குக்பாப் என்று மட்டும் இருந்தால் கறி மட்டும். நேஜாங்-குக்பாப் என்றால் குடல், வயிறு போன்ற உள்ளுறுப்புகள். சுந்தே-குக்பாப்பில் சுந்தே துண்டுகள் கிடக்கும். பன்றிக் குடலுக்குள் கண்ணாடி நூடுல்ஸும் பன்றி இரத்தமும் அடைத்து அவித்தது அது. சொக்கொ-குக்பாப் என்றால் இவை கலந்து வரும்.

தாரோ-குக்பாப் என்றால் சோறு தனிக் கிண்ணத்தில். முதல் தடவைக்கு இதுதான் நல்லது. சோறு உள்ளே ஊறாததால் சாறு கடைசிவரை தெளிவாக இருக்கும், எவ்வளவு சோறு போடுவது என்பதும் உங்கள் கையில். ஆயிரம் வொன் (கொரியப் பணம்) கூடுதலாக ஆகலாம், சில கடைகளில் அதே விலைதான்.

இரண்டு பேர் போனால் ஒருவர் தாரோ-குக்பாப், இன்னொருவர் சுயுக்-பெக்பன் சொல்லுங்கள். சுயுக்-பெக்பனில் அரிந்த கறி தனித் தட்டிலும் சாறும் சோறும் தனியாகவும் வரும். ஒரே கறி சாறில் மிதக்கும்போது எப்படி இருக்கிறது, சாறு இல்லாமல் எப்படி இருக்கிறது என்று இருவரும் பார்த்துக்கொள்ளலாம். ஒரு கிண்ணத்தை வாங்கி இருவர் பங்குபோடுவது வழக்கமில்லை. ஆளுக்கு ஒன்று என்றுதான் கடைக்காரர் எதிர்பார்ப்பார். சின்னக் குழந்தைக்கு மட்டும் "அப்ஜொப்சி ஜுசேயோ" என்று ஒரு காலித் தட்டு கேட்டு வாங்கிப் பிரித்துக் கொடுக்கலாம்.

சாறு ஒரு கடையில் பால் மாதிரி இருக்கிறது, இன்னொரு கடையில் தெளிவாக இருக்கிறது. எது சரியானது?

இரண்டும் சரிதான். காலெலும்பைப் போட்டுத் தளதளவென்று பல மணி நேரம் கொதிக்கவிட்டால் எலும்பிலிருந்து இறங்கும் கொழுப்பும் ஜெலட்டினும் நீரோடு கலந்து வெள்ளையாகும். கறியை முக்கியமாக வைத்துச் சிறு தீயில் வேகவிட்டால் சாறு தெளியும். வெள்ளைச் சாறு உதட்டில் ஒட்டும், கனமாக இருக்கும். தெளிந்த சாறு லேசாக இருக்கும், கறியின் மணம் முன்னால் நிற்கும். பன்றிக்கறி அதிகம் பழகாதவர்கள் தெளிந்த சாறில் தொடங்குவது சுலபம். கடைக்கு வெளியே ஒட்டியிருக்கும் படத்திலேயே நிறம் தெரிந்துவிடும்.

வந்தவுடன் என்ன செய்வது? வரிசையாகச் சொல்ல முடியுமா?

முதலில் எதையும் கலக்காதீர்கள். சிவப்பு விழுது மேலே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கரண்டியால் முழுசாக அள்ளி ஒரு சின்னத் தட்டில் ஒதுக்கி வையுங்கள். சில கடைகளில் அது கறிக்கு அடியில் ஒளிந்திருக்கும், எனவே ஓரத்தில் மெதுவாகக் கறியைத் தூக்கிப் பார்ப்பது நல்லது. கலக்கிவிட்டால் பிறகு அந்தச் சாறின் சொந்த ருசி கிடைக்கவே கிடைக்காது. ஆர்டர் சொல்லும்போதே "தாதேகி தாரோ ஜுசேயோ" என்றால் தனியாகக் கொடுத்துவிடுவார்கள்.

அடுத்து, ஓரத்திலிருந்து இரண்டு கரண்டி சாறு. உப்பு குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். அது சமையல்காரரின் மறதி இல்லை, உப்பு உங்களுடைய வேலை.

நூடுல்ஸை இப்போதே போட்டுச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். இரண்டு வாய்தான் இருக்கும். ஐந்து நிமிடம் விட்டால் ஊதிப்போய்ச் சாற்றைக் குடித்துவிடும்.

பிறகு சேவுஜொத். அரைத் தேக்கரண்டி எடுத்து, இறாலும் அதன் நீருமாகப் போட்டு, அடிவரை கலக்கி, சில நொடி பொறுத்துச் சுவையுங்கள். போதவில்லை என்றால் இன்னொரு கால் தேக்கரண்டி. பெரும்பாலும் ஒரு தேக்கரண்டிக்குள் சரியாகிவிடும். உப்பு ஏறும்போதே சாறின் ருசி திறந்துகொள்வது நாக்குக்குத் தெரியும். முதல் கரண்டியில் வெந்நீர் மாதிரி இருந்தது, மூன்றாவது கரண்டியில் கறிச்சாறாக இருக்கும். மேஜையில் சாதாரண உப்பும் இருக்கலாம், ஆனால் அது உப்பை மட்டும் தரும். புளித்த இறால் உப்போடு ஒரு கடல் ருசியையும் சேர்க்கிறது.

கறியில் மூன்றில் ஒரு பங்கை இப்படியே சாப்பிடுங்கள். ஒரு துண்டின் மேல் ஒன்றிரண்டு இறாலை வைத்து அப்படியே வாயில் போட்டுப் பாருங்கள், புசான்காரர்கள் சாப்பிடும் முறைகளில் இது ஒன்று.

அதன் பிறகு புச்சு. சாப்பாட்டுக் குச்சிகளால் ஒரு தடவை எடுக்கும் அளவு சாறில் போட்டால் அரை நிமிடத்தில் துவளும். அதிலும் உப்பு, மீன் சாறு, காரம் எல்லாம் உண்டு. அதனால்தான் சேவுஜொத்தை முன்னாலேயே நிறையப் போடக் கூடாது என்பது. புச்சு பிடித்துப்போனால் தயங்காமல் இன்னொரு தட்டு கேளுங்கள், காசு கிடையாது.

சோறு தனியாக வந்திருந்தால் பாதி மட்டும் முதலில். முழுவதையும் கொட்டினால் கஞ்சிபோல் கெட்டியாகிவிடும், உப்பும் மந்தமாகும்.

ஒதுக்கி வைத்த தாதேகி கடைசி மூன்றில் ஒரு பங்குக்கு. அரைத் தேக்கரண்டி போதும். அதில் மிளகாய்த்தூளோடு பூண்டும் உப்பும் இருக்கும். அதே சட்டியில் இரண்டாவது சாப்பாடு கிடைத்த மாதிரி இருக்கும். காரம் வேண்டாம் என்றால் இதற்குப் பதிலாகக் கக்துகியின் புளித்த நீரை இரண்டு கரண்டி விடலாம். இரண்டையும் சேர்த்து விடாதீர்கள்.

உப்பு கரித்துவிட்டது. காப்பாற்ற வழி உண்டா?

உண்டு. தண்ணீர் ஊற்றாதீர்கள், சாறு செத்துப்போகும். "யுக்சு ஜொம் தொ ஜுசேயோ" என்றால் கொஞ்சம் சாறு கூடத் தாருங்கள் என்று பொருள். பெரிய கொப்பரையில் எப்போதும் கொதித்துக்கொண்டே இருப்பதால் பெரும்பாலான கடைகளில் முகம் சுளிக்காமல் ஊற்றுவார்கள். மீதிச் சோற்றைச் சேர்ப்பதும் உதவும்.

பன்றி வாடை அடிக்குமா?

நேர்மையான பதில்: கடையைப் பொறுத்தது. எலும்பைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து இரத்தத்தை இறக்கி, ஒரு கொதி விட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள் போட்டுக் கொதிக்கவிடும் கடையில் வாடை மிகக் குறைவு. இந்த முதல் இரண்டு வேலைகளில் அவசரப்பட்டால் இரத்த வாடை சாறில் நின்றுவிடும், பிறகு எந்த மசாலாவும் அதை மூடாது. சில பழைய கடைகளில் ஓரளவு வாடை இருப்பதையே அடையாளமாக வைத்திருக்கிறார்கள், அதைத் தேடிப் போகும் ஆட்களும் உண்டு.

உங்கள் பக்கம் செய்யக்கூடியது மூன்று. ஆறவிடாதீர்கள், சூடு இறங்க இறங்கக் கொழுப்பு உறையத் தொடங்கும், வாடையும் தூக்கும். புகைப்படம் எடுப்பதை ஒரு நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள். உள்ளுறுப்புகள் உள்ள கிண்ணத்தை முதல் தடவை தவிர்க்கலாம், வாடை அதில்தான் அதிகம். மூன்றாவது, புச்சையும் சேவுஜொத்தையும் ஒதுக்காதீர்கள், அவை மேஜையில் இருப்பதே இந்த வாடையை அடக்கத்தான். நம் ஊரில் ஆட்டுக்கால் சூப்புக்கு மிளகும் சீரகமும் செய்கிற வேலையை இங்கே இவை இரண்டும் செய்கின்றன.

கறியில் தோலும் கொழுப்புமாக இருக்கிறதே?

முன்னங்கால், கழுத்து, தலைப்பகுதிக் கறியைத் தோலோடு அரிவது பல கடைகளில் வழக்கம். தோல் கொஞ்சம் இழுபடும். கொழுப்பு வேண்டாம் என்றால் ஆர்டர் சொல்லும்போதே "சல்கோகிமன் ஜுசேயோ" என்று கேளுங்கள், வெறும் சதைக்கறி என்று பொருள். உச்சி வேளைக் கூட்டத்தில் முடியாது என்று சொன்னாலும் சொல்வார்கள். கொழுப்பில்லாத கறி சீக்கிரம் வறண்டுவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

காரம் எப்படி?

தமிழ் நாக்குக்கு ஒன்றுமே இல்லை. தாதேகியை முழுசாகக் கலந்தாலும் நம் வீட்டுக் காரக்குழம்பைத் தொடாது. ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது தட்டில் இருக்கும் பச்சை மிளகாயில்தான். பெரிதாக, பருமனாக, வெளிர் பச்சையாக இருந்தால் வெள்ளரிக்காய் போலக் கடித்துச் சாப்பிடலாம். ஒல்லியாகச் சின்னதாக இருந்தால் அது சொங்யாங் மிளகாயாக இருக்கலாம், அது உண்மையிலேயே உறைக்கும்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் நம்பிச் சாப்பிடலாமா?

கறி பன்றிக்கறிதான். சாறுதான் கேள்வி. சில கடைகள் பன்றி எலும்போடு மாட்டெலும்பும் சேர்க்கின்றன. புசானுக்கு வடக்கே உள்ள மிர்யாங் ஊரில் மாட்டெலும்புச் சாறில் பன்றிக்கறி போடும் பழக்கம் உண்டு, அந்த ஊர்ப் பெயரைப் பலகையில் வைத்திருக்கும் கடைகள் புசானிலும் இருக்கின்றன.

சரிபார்க்க ஒரு நல்ல வழி உண்டு. கொரியாவில் உணவகங்கள் அரிசி, இறைச்சி, கிம்ச்சி எந்த நாட்டிலிருந்து வந்தவை என்று பலகையில் எழுதி மாட்ட வேண்டும் என்பது சட்டம். அந்தப் பலகையைப் பாபாகோ செயலியின் கேமராவில் காட்டினால் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுக்கும். மாட்டிறைச்சி என்றோ சாகோல் என்றோ வரி இருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், சாகோல் என்றால் பொதுவாக மாட்டுக் காலெலும்பு. வாயால் கேட்க: "யுக்சு-ஏ சோ-பியொ துரொகாயோ?" உச்சரிப்புக் குழப்பம் வேண்டாம் என்றால் அதே கேள்வியைச் செயலியில் ஆங்கிலத்தில் எழுதி, கொரிய மொழியில் மாற்றிக் காட்டுங்கள். பதில் தெளிவாக வரவில்லை என்றால் எழுந்துவிடுவது நல்லது, யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பன்றியே சாப்பிடாதவர்கள், சைவம் சாப்பிடுபவர்கள்?

இந்தக் கடையில் உங்களுக்கு ஒன்றும் இல்லை. கறியை எடுத்துவிட்டுச் சாறு மட்டும் என்பதும் நடக்காது, சாறே எலும்பிலிருந்து வருவது. கிம்ச்சியும் புச்சும்கூடப் பார்க்கக் கீரைதான், உள்ளே மீன் சாறோ புளித்த இறாலோ இருக்கும். புசானின் வடபகுதியில் பொமொசா என்ற பழைய பௌத்தக் கோயில் இருக்கிறது. அந்த மலையடிவாரக் கடைகளில் காட்டுக்கீரை போட்டுக் கலந்து சாப்பிடும் சோறு, சன்சே-பிபிம்பாப், கிடைக்கும். அங்கும் முட்டை வேண்டாம், இறைச்சி கலந்த மிளகாய் விழுது வேண்டாம் என்று சொல்லியே வாங்க வேண்டும்.

இறால் ஒவ்வாமை இருந்தால்?

சேவுஜொத் கிண்ணத்தைத் தொடாவிட்டால் மட்டும் போதாது. கிம்ச்சி, கக்துகி, தாதேகி எல்லாவற்றிலும் அது இருக்க வாய்ப்புண்டு, சில கடைகளில் சாறுக்கே முன்கூட்டி அதில்தான் உப்பு போடுவார்கள். "சேவு அல்லெருகி இஸ்ஸொயோ" என்று உட்காரும்போதே சொல்லுங்கள். ஒவ்வாமை கடுமையானது என்றால் இந்த உணவையே விட்டுவிடுவதுதான் சரி. ஒரு சாப்பாட்டுக்காக உயிரோடு விளையாட வேண்டாம்.

ஒரு கடையில் கொதிக்கக் கொதிக்க வருகிறது, இன்னொன்றில் மிதமான சூட்டில் வருகிறது. ஆறிப்போனதைக் கொடுக்கிறார்களா?

இல்லை. சட்டியில் சோற்றைப் போட்டு, கொதிக்கும் சாற்றை ஊற்றி, சோறு விழாமல் சாற்றை மட்டும் திரும்பக் கொப்பரையில் வடித்து, மறுபடி ஊற்றி, இப்படிப் பல தடவை செய்வது தொர்யொம் என்ற பழைய முறை. ஆறிய சோறு ஒவ்வொரு பருக்கையாகச் சூடேறி, சாற்றை உள்ளிழுத்து, வாய் சுடாத பதத்தில் மேஜைக்கு வரும். கை சுடச்சுடச் செய்கிற வேலை இது, செய்கிற கடைகள் குறைந்துகொண்டு வருகின்றன. திறந்த சமையலறை உள்ள கடை என்றால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

கொதித்தபடி வரும் சட்டி வேறு வகை, நேராக அடுப்பில் வைத்து எடுத்தது. மண்சட்டி சூட்டைப் பத்து நிமிடத்துக்கு மேல் பிடித்து வைத்திருக்கும். விளிம்பைக் கையால் தொடக் கூடாது.

எங்கே போய்ச் சாப்பிடுவது?

முதல் தடவைக்கு சொம்யொன் பகுதி வசதி (நூடுல்ஸுக்கும் கிட்டத்தட்ட இதே உச்சரிப்பு, குழம்பிவிடாதீர்கள்). மெட்ரோ 1, 2 தடங்கள் சந்திக்கும் இடம் அது. அங்கே சந்தையை ஒட்டிக் குக்பாப் கடைகள் வரிசையாக இருக்கும் ஒரு சந்து உண்டு, கொப்பரைகள் வாசலிலேயே கொதிக்கும். புசான் ரயில் நிலையத்துக்கு எதிர்ப்புறத்திலும் பொமில்-தோங் பகுதியிலும் நல்ல கடைகள் இருக்கின்றன. மிஷ்லின் உணவகக் கையேடு 2024-இல் புசானையும் சேர்த்தபோது, கட்டுப்படியான விலையில் நல்ல சாப்பாடு தரும் கடைகளுக்கான பிப் குர்மாண்ட் பட்டியலில் குக்பாப் கடைகளும் இடம்பிடித்தன. அவற்றில் வரிசை நீளம். வரிசையில் நிற்க நேரமில்லை என்றால் பக்கத்துத் தெருவில் டாக்ஸி ஓட்டுநர்கள் சாப்பிடும் கடையே போதும். வழி கண்டுபிடிக்க நேவர் மேப் அல்லது காகாவோ மேப் வைத்துக்கொள்ளுங்கள்.

மதியம் 12 முதல் 1 வரை அலுவலகக் கூட்டம். 11 மணிக்கோ 2 மணிக்கோ போனால் நிம்மதி. விடிய விடியத் திறந்திருக்கும் கடைகளும் நிறைய.

இந்த உணவு போர்க் காலத்தில் வந்தது என்கிறார்களே?

1950-53 கொரியப் போரில் புசான் தற்காலிகத் தலைநகராக இருந்தது, வடக்கிலிருந்து அகதிகள் இலட்சக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். மலிவாகக் கிடைத்த பன்றி எலும்பில் வயிறு நிறையச் சோறு போடும் இந்தச் சாப்பாடு ஊர் முழுவதும் பரவியது அந்தக் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. ஆனால் போருக்கு முன்பே தொடங்கியதாகச் சொல்லும் கடைகளும் உண்டு, மிர்யாங்குக்கும் தனிக் கதை உண்டு. ஒருவரே கண்டுபிடித்தார் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம்.

தனியாகப் போகலாமா?

தாராளமாக. சுடும் கறிக் கடைகளில் இரண்டு பேருக்குக் குறைந்து ஆர்டர் எடுக்கத் தயங்குவார்கள். குக்பாப் கடையில் அந்தப் பிரச்சினையே இல்லை.

மேஜையில் கரண்டியே இல்லையே? தண்ணீர் யார் கொடுப்பார்கள்?

மேஜையின் பக்கவாட்டில் ஒரு இழுப்பறை இருக்கும், கரண்டியும் குச்சிகளும் அதற்குள். தண்ணீரைப் பல கடைகளில் நாமே போய் எடுக்க வேண்டும். ஆளைக் கூப்பிட மணி இருந்தால் அழுத்துங்கள், இல்லாவிட்டால் "யொகியோ" என்று குரல் கொடுப்பது மரியாதைக் குறைவு இல்லை. சோறு, சாறு இரண்டும் கரண்டியால். குச்சி கறிக்கும் தொடுகறிக்கும். கையால் பிசைந்து சாப்பிடுவதோ சட்டியைத் தூக்கிக் குடிப்பதோ வேண்டாம். கரண்டியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள், இறந்தவருக்குப் படைக்கும்போது அப்படி வைப்பார்கள். மேஜையில் பெரியவர் இருந்தால் அவர் கரண்டி எடுத்த பிறகு நீங்கள் எடுங்கள்.

எவ்வளவு ஆகும்?

ஒரு கிண்ணம் பெரும்பாலும் 9,000 முதல் 11,000 வொன். சுயுக்-பெக்பன் அதைவிடச் சில ஆயிரம் கூடுதல். கூடுதல் சோறு ஒரு கிண்ணம் 1,000 வொன் அளவில். தொடுகறிகள் எத்தனை முறை கேட்டாலும் இலவசம், ஆனால் வாங்கியதை மிச்சம் வைக்காதீர்கள். டிப்ஸ் கிடையாது. வெளியே போகும்போது வாசல் மேஜையில் பணம் கட்ட வேண்டும். தொடுதிரை இயந்திரத்தில் ஆர்டர் எடுக்கும் கடைகளில் வெளிநாட்டு அட்டை சில நேரம் வேலை செய்யாது, அப்போது வாசல் மேஜையில் இருப்பவரிடமே அட்டையைக் கொடுங்கள். இருபதாயிரம் வொன் ரொக்கமாகப் பையில் இருப்பது எப்போதும் நல்லது.

பார்சல் வாங்கி அறைக்குக் கொண்டுபோகலாமா?

"போஜாங்" என்று சொன்னால் கட்டிக் கொடுப்பார்கள். சாறு, கறி, சோறு, தொடுகறிகள் எல்லாம் தனித்தனிப் பொட்டலமாக இருக்கும். சில கடைகள் சாற்றை ஆறவைத்தே கொடுக்கும், அதைக் கறியோடு சேர்த்து ஒரு கொதி விட வேண்டும். அறையில் அடுப்போ மைக்ரோவேவோ இல்லாமல் தண்ணீர் காய்ச்சும் கெட்டில் மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். கெட்டிலில் சாற்றை ஊற்றினால் கொழுப்பு அடியில் பிடித்துக்கொள்ளும், விடுதிக்காரரிடம் அபராதம் கட்ட வேண்டி வரலாம்.